வாசலிக்குத் தெரியாத பொய் இல்லை

கைப்பேசி அதிர்ந்தபோது வினோதினி அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். திரையில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசல் தெரிந்தது. வாசலில் நின்றது தம்பி தீபன். தென்னந்தோப்புத் தகராறில் முறைத்துக்கொண்டு போய், வருடக்கணக்காக எட்டிப்பார்க்காத தம்பி. இன்று மட்டும் என்ன அக்கா பாசம்? தோப்பை விற்கக் கையெழுத்து வேண்டியிருக்கும், வேறென்ன?

முன்பெல்லாம் வேண்டாத ஆள் வாசலில் வந்து அழைத்தால், சிக்னல் இல்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். வாசலி வந்த பிறகு அந்த அருமையான சாக்கு போயே போய்விட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் பதித்திருந்த அந்தக் கருவி, மூன்று கைப்பேசி நிறுவனங்களின் அலைகளை ஒரே ஜடையாகப் பின்னிக்கொள்ளும். ஒன்று தொய்ந்தால் மற்ற இரண்டும் தாங்கும். நீங்கள் எந்த மலையில் இருந்தாலும் வாசல் உங்களைத் தேடி வந்துவிடும். நடுவில் எவனும் புகுந்து குரலை மாற்றவும் முடியாது.

நான்காவது மாடியில் ஒரு திருடன், அந்த வீட்டுக்காரரின் மகன் குரலிலேயே பேசிக் கதவைத் திறக்கவைத்து, வீட்டைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரான வினோதினிதான் ஒற்றைக்காலில் நின்று வாசலியை வாங்கவைத்தாள். அதோடு விட்டாளா? குரல் துளிப் பிசிறும் இல்லாமல் வருகிறதே, தொண்டையின் நடுக்கத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் பொய்யுணரியையும் சேர்த்துப் பொருத்துங்கள் என்றாள். உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் கதவு பூட்டிக்கொள்ளும். பிறகு வீட்டுக்காரரே நேரில் வந்தால்தான் திறக்கும். பொய்யுணரி வந்ததிலிருந்து அடுக்ககத்துக்கு விருந்தாளிகள் வருவது பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனை நாளாக இத்தனை பொய்யர்களுக்கா காபி கொடுத்தோம் என்று செயலாளருக்கு ஒரே ஆச்சரியம்.

கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்தாள்.

"வா தம்பி. என்ன திடீர்னு?"

"சும்மாதானுங்கக்கா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே உங்களப் பாத்துட்டுப் போலாம்னு..."

சிவப்பு.

அதானே பார்த்தேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் கேட்டது. "சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கக்கா, இப்பத்தான்."

சிவப்பு. அடப்பாவி, சோற்றில்கூடவா பொய்?

"உடம்பெல்லாம் நல்லாருக்கா?"

"எனக்கென்னங்கக்கா, ஜம்முனு இருக்கேன்."

மூன்றாவது சிவப்பு விழுந்ததும் கதவு பூட்டிக்கொண்டது. ஆபத்தான ஆள் என்ற எச்சரிக்கை திரையில் ஓடியது. வினோதினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மூன்று கேள்விக்கு மூன்று பொய் சொல்கிறவன், நாளைக்குக் கள்ளக் கையெழுத்துப் போடவும் துணிவான். நேரிலேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஆட்டோ பிடித்தாள்.

தீபன் போகவில்லை. வாசலிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். திரையில் சட்டைதான் தெரிந்திருக்கிறது. சட்டைக்குள் ஆள் பாதிகூட இல்லை. கேட்கவந்த நாலு வார்த்தையையும் மறந்து அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னடா இது? ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கணையத்துல கட்டிங்கக்கா. நாளைக்கு ஆபரேசன். அதுக்கு முன்னாடி உங்கள ஒருக்கா பாத்துரணும்னு தோணுச்சு. காத்தாலருந்து ஒண்ணும் எறங்கல."

தலைக்கு மேலே வாசலி பச்சையாக எரிந்தது.

"தோப்பு விசயமா வந்தியோன்னு..."

"தோப்பு கெடக்குது, உடுங்கக்கா."

அதுவும் பச்சை.

வினோதினிக்கு அவமானமாக இருந்தது. வாசலில் நின்றுகொண்டு பசிக்கிறது என்று யார் சொல்வார்கள்? வயிறு காய்ந்தாலும் ஆச்சு என்றுதானே இருவரையும் சொல்லப் பழக்கியிருந்தார்கள். அவளே எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டே இலை போடுவதுதானே வீட்டுக்காரர்களின் வேலை? ஒரு பெட்டியை நம்பி, சாகக் கிடக்கிற தம்பியைத் தெருவில் உட்காரவைத்துவிட்டாளே!

அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். கனமே இல்லை. கதவு அவளை அடையாளம் கண்டு திறந்துகொண்டது. தீபன் உள்ளே அடி எடுத்துவைக்காமல், சின்ன வயதில் கேட்பது போலவே கேட்டான்.

"எனக்குச் சரியாயிருமாங்கக்கா?"

இதே நோய்க்குத்தான் அவள் மாமனாரைப் பறிகொடுத்திருந்தாள். இருந்தாலும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரியாயிரும் கண்ணு. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

தீபன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.