எக்ஸ்ரே கண்ணாடி வைத்த ரயில் பெட்டி

அந்தப் பிற்பகல் அறையில் இருந்தவர்கள் நால்வர். வீட்டுக்காரர் கனகரத்தினம், நில அளவை வரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் துவாரகா, விஞ்ஞான ஆசிரியை. பதுளை பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஷுக்ரி. ஷுக்ரியின் மகள் ஷம்ரா, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு ஒருவரும் இல்லை. தானும் அங்கே நின்றதாக இன்று ஊரில் கதை சொல்லித் திரிகிறவர்கள் எவரும் அன்று அந்த வீட்டுக் கேற்றைக்கூடத் தாண்டவில்லை.

ஷுக்ரி தன் வான் வண்டியை வாசலில் விட்டுவிட்டு, நனைந்த குடையை மடக்கியபடி படியேறி வந்தார். மறுநாள் ஸ்டேஷன் மண்டபத்தில் கண்காட்சி. பழைய ரயில் சாமான்கள், பழைய படங்கள், அவற்றோடு கனகரத்தினம் தன் கையால் செய்த பயணிகள் பெட்டியின் சிறு வடிவம். அதைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஷுக்ரியின் பொறுப்பு. வேலை முடிந்து வீடு திரும்பும் ஷம்ராவும் அதே வண்டியில் வந்திருந்தாள்.

மேசையில் மூடியிருந்த வெள்ளைத் துணியைக் கனகரத்தினம் எடுத்தார்.

"சேர்!" என்றார் ஷுக்ரி. "இதுல டிக்கட் எடுத்து ஏறலாம் போல ஈக்குது."

"டிக்கட் எடுக்கலாம். உம்மட வயிறுதான் கதவால போகாது."

உண்மையான பெட்டியின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. கடையில் வாங்கிப் பொருத்திய துண்டு ஒன்றும் அதில் இல்லை. உடல், பழைய தேயிலைப் பெட்டிகளின் மெல்லிய பலகை. கூரை, அதே பெட்டிகளின் ஓரத் தகரத்தைத் தட்டி வளைத்தது. ஆணித் தலைகளுக்காகத் தகட்டைப் பின்புறமிருந்து ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் புடைக்கச் செய்திருந்தார். ஜன்னல்தோறும் மேலிருந்து கீழே இறங்கும் மூடுபலகை; குறடால் பிடித்து இழுத்தால் ஏறி இறங்கும். கண்ணாடிக்கு எக்ஸ்ரே படம். குளோரின் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால், படத்தின் கறுப்பெல்லாம் கரைந்து ஓடி, தாள் பளிங்காகத் தெளிந்துவிடும்.

விளையாட்டுக்காக அவர் இதைச் செய்யவில்லை. அவருடைய அக்கா ஞானேஸ்வரி பதினைந்து வயதில் பதுளையிலிருந்து ரயிலேறிப் போனவள், திரும்பி வரவில்லை. லொறிக்காரனோடு இருந்த காதல் தெரிந்துபோய், தகப்பன் அவளை இழுத்துக்கொண்டு போனாரென்றும், தெமோதரைப் பாலத்தில் ஜன்னலால் பாய்ந்து செத்தாளென்றும் பஸாரில் ஒரு கதை. கேட்க ஆளில்லாமல் அது அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு கிடந்தது. இப்போது கண்காட்சிக்காரர்கள், பாலத்தில் பாய்ந்த பெண்ணின் ஆவி என்று அதையே பலகையில் எழுதித் தொங்கவிடப் போவதாகத் தெரியவந்தது. கனகரத்தினம் கோபத்தில் கத்தவில்லை. அளவுகோலை எடுத்தார்.

"இங்க பாரும்," என்று ஜன்னலைக் காட்டினார். "கீழ்ப்பாதி ஆணியடிச்ச பலகை. மேல்பாதி மட்டும்தான் திறக்கும். அளவு பிசகாமல் செய்திருக்கிறன். ஒரு பெட்டையின்ர தோள் இதுக்குள்ளால போகுமோ? நாளைக்கு ஊரே அளந்து பாக்கட்டும்."

"கதவு ஈக்குதே சேர்?" என்றார் ஷுக்ரி, தயங்கி.

"கதவடியில அப்பா இருந்தவர்."

"அப்ப அவங்க எப்படி...?"

"சளி," என்றார் கனகரத்தினம். "நெஞ்சில சளி. கொழும்புக்குப் பெரிய டொக்டரிட்டக் கொண்டு போன வழியில முடிஞ்சுது."

துவாரகா தகப்பனைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த நோய்க்கு அதுதான் பெயர். காசம் என்ற சொல்லை வாசலுக்கு வெளியே விட்டால், சித்தப்பா வீட்டுப் பெண்கள்வரை ஒருத்திக்கும் கலியாணம் பேச வரமாட்டார்கள். அதனால் சளி. அதே காரணத்துக்காக, போன பெண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள் என்ற பதில். சளியால் ஒருத்தி சாகமாட்டாள், படிக்கப் போனவள் திரும்பி வராமல் இருக்கமாட்டாள் என்று ஊர் கணக்குப் போட்டது. லொறிக்காரன் கதை அங்கேதான் பிறந்தது.

மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கி வந்து ஜன்னலை அடைத்தது. மின்சாரம் போனது. மேசை மேல் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

கனகரத்தினத்தால் உட்கார முடியவில்லை. கண்ணாடி பொருத்திய நாளிலிருந்தே அவர் அப்படித்தான். எழும்புவார், மேசையைச் சுற்றுவார், போய்ப் படுப்பார், மறுபடி வருவார். காரணத்தை மகளிடம்கூடச் சொல்லவில்லை. எல்லா மூடுபலகைகளையும் இறக்கிவிட்டுத் துணியால் மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஒன்று மட்டும் ஏறியிருக்கும்.

கதவிலிருந்து மூன்றாவது ஜன்னல்.

அக்கா இருந்த இடம்.

பலகை காய்ந்து சுருங்கியிருக்கும் என்று உரசிப் பார்த்தார். பசை வைத்தும் பார்த்தார். மறுநாள் பசை பொருக்காக உடைந்து ஆசனத்தின் மேல் கிடந்தது. பலகை ஏறியிருந்தது.

இப்போதும் ஏறித்தான் இருந்தது.

"அங்கிள்," என்றாள் ஷம்ரா. குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கண்ணாடி மட்டும் ஏன் மங்கலா ஈக்குது?"

துவாரகா கைலேஞ்சியால் துடைத்தாள். மங்கல் போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கல் மெல்லச் சுருங்கித் தெளிந்தது. பிறகு மறுபடி படர்ந்தது. தெளிந்தது. படர்ந்தது. மற்ற ஜன்னல்கள் எல்லாம் துலக்கமாக இருந்தன.

"மழை ஈரம்," என்றார் ஷுக்ரி. அவருடைய குரலே அதை நம்பவில்லை.

ஷம்ராவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நெஞ்சுப் படம் எடுக்கும்போது நோயாளியின் மூச்சை எண்ணிக் கவனிக்கிற பழக்கம் அது.

"இது ஈரமில்ல வாப்பா," என்றாள், மெதுவாக. "இது மூச்சு. பாருங்க, பாதியில நிக்குது, பிறகு இழுக்குது. ஒரு பக்க நுரையீரல் வேலை செய்யாத ஆக்கள் இப்பிடித்தான் மூச்சு எடுக்கிற."

எங்கிருந்தோ யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசம் வந்தது. அதற்குள்ளே நிலக்கரிப் புகை நாற்றம். அந்தப் பாதையில் நிலக்கரி எஞ்சின் ஓடி எத்தனையோ காலமாகிவிட்டது.

"அங்கிள், இப்ப ஆஸ்பத்திரியில எல்லாம் கம்பியூட்டர்தான். உங்களுக்கு எங்கால இந்த ஃபிலிம்?"

"வீட்டில கிடந்தது. என்ர முழங்கால் படம், மனுசியின்ர இடுப்புப் படம்..."

"அப்பா." துவாரகா அவரருகே வந்தாள். "அப்பப்பாவின்ர தகரப் பெட்டியில இருந்ததையும் எடுத்தனீங்களோ?"

"ஓம். அடியில வேட்டிக்குள்ள சுத்தி ஒண்டு கிடந்தது. நல்ல தடிப்பு. அதைத்தான் இந்தப் பக்கத்துக்கு வெட்டினனான்."

"வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தனீங்களோ?"

அவர் பார்க்கவில்லை. எண்பதை நெருங்கும் வயதில் எக்ஸ்ரே படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? கறுப்பு கரைய வேண்டும், அவ்வளவுதானே.

"அது ஞானேஸ்வரி மாமியின்ர நெஞ்சுப் படம், அப்பா. அம்மா எனக்கு ஒருக்காக் காட்டினவ. மூலையில பேர் போட்டிருந்தது. நெஞ்சுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவ."

கனகரத்தினம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் தகப்பன் எரித்திருந்தார். அந்த மனிதர் எரிக்காமல் விட்ட ஒரே படம் அது. அவள் பாயவில்லை, நோயில் செத்தாள் என்பதற்குக் கையில் எடுத்துக் காட்ட மிஞ்சியிருந்த ஒரே சாட்சி. அதைத் தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்து, கறுப்புத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றியிருந்தார்.

"கண்ணாடியைக் கழட்டிடுவோம் சேர்," என்றார் ஷுக்ரி, கிசுகிசுப்பாக. "ஆத்துல போட்டுடலாம். வேற ஃபிலிம் நான் தேடித் தாறன்."

"என்ர அக்காவை ஆத்தில போடச் சொல்லுறீரோ?"

"நான் அப்பிடிச் செல்லல்ல சேர்..."

"ஜன்னலை மூடினாச் சரி. இவ்வளவு காலமும் மூடித்தானே இருந்தது."

குறடை எடுத்தார். மூடுபலகையின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

பலகை பாதி தூரம் இறங்கி நின்றது.

அவர் அழுத்தினார்.

உள்ளிருந்து அதை எதுவோ ஏந்திப் பிடித்தது. நகத்தளவு பலகை; அதைத் தாங்கிய பலமோ ஒரு மனுசக் கையின் பலம். குறடு அவருடைய விரல்களுக்குள் நடுங்கியது. கண்ணாடியில் மங்கல் வேகமாகப் படர்ந்தது, கலைந்தது, படர்ந்தது.

பிறகு ஒரு இருமல். மேசையின் மட்டத்திலிருந்து, மிகச் சிறியதாக, மிகத் தூரத்தில் கேட்பது போல.

"மூச்சு முட்டுது. பலகையைத் திறங்கோ."

நான்கு பேரும் கேட்டார்கள்.

கனகரத்தினம் அதை இரண்டாவது தடவையாகக் கேட்டார். முதல் தடவை பத்து வயதில், எதிர் ஆசனத்தில் இருந்து. பண்டாரவளை ஸ்டேஷன் வந்துகொண்டிருந்தது. மேடையில் தெரிந்தவர்கள் நிற்கலாம்; அவளுடைய சால்வையில் ரத்தம். தகப்பன் எழும்பி வந்து பலகையை இழுத்து மூடினார். அவள் கேட்டாள். அவர் திறக்கவில்லை. ரயில் மறுபடி புறப்பட்டபோது அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கொழும்புவரை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தகப்பன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பிள்ளை நித்திரை."

கனகரத்தினம் குறடை விட்டார். அது தரையில் விழுந்தது.

மூடுபலகை தானாக ஏறியது.

தைல வாசம் மெல்லக் குறைந்தது. மூச்சு நிற்கவில்லை, நிதானமானது. மின்சாரம் வந்தபோது ஷுக்ரி கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். ஷம்ரா துவாரகாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"துவாரகா, அந்த வரைபட அட்டையும் கறுப்பு மையும் எடுத்து வா."

"என்ன எழுதப் போறீங்கள் அப்பா?"

"உள்ளதை."

"அதை எழுதினா, அப்பப்பா மறைச்சதெல்லாம்..."

"அவர் எங்கட மானத்துக்காக மறைச்சவர். அதுக்கு அவளின்ர மானம் போனது. இனி அப்பிடி வேண்டாம்."

வரைஞரின் எழுத்தில், வளைவு நெளிவு இல்லாமல் எழுதினார். ஞானேஸ்வரி, இந்த வகைப் பெட்டியில், கதவிலிருந்து மூன்றாவது ஜன்னலருகே, காசநோயால் இறந்தாள். ஜன்னலால் ஒருவரும் பாயவில்லை. கீழே தகப்பன் பெயரையும் தன் பெயரையும் முழுமையாக எழுதினார்.

ஷுக்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒன்றேமுக்கால் அடி நீளப் பலகைச் சாமான். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சேர், பாக்கிறதை விடப் பாரமா ஈக்குது."

"நீர் வந்தது வெறும் பெட்டியை எடுக்க," என்றார் கனகரத்தினம். "இப்ப ஆள் இருக்கு. குலுக்காமல் ஓட்டும்."

கண்காட்சியில் பாலத்துக் கதைப் பலகை தொங்கவில்லை. அதை எழுதியவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, தாங்களே கழற்றிப் போனார்கள். பெட்டி ஸ்டேஷனிலேயே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் தங்கிவிட்டது. மூன்றாவது ஜன்னலின் பலகையை இறக்கக் கூடாதென்று துடைக்கிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. வெயில் நாளிலும் அந்தக் கண்ணாடி மங்கித் தெளிகிறது. பேழையை ஒரு தடவை மாற்றியும் பார்த்துவிட்டார்கள்.

ரயில் புறப்படும் வேளையில் அந்தச் சின்ன ஜன்னலில் ஒரு பெண்பிள்ளை தெரிகிறாளென்றும், மேடையில் நிற்கிற ஆண்களைப் பார்த்துக் கையசைக்கிறாளென்றும் இப்போது பஸாரில் புதுக்கதை ஒன்று நடமாடுகிறது. அது முழுப் பொய். கனகரத்தினம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்நியருக்குக் கையசைப்பதில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்தபடி வெளியே பார்க்கிறாள், அவ்வளவுதான்.