அறுபத்திரண்டு பேரின் ஒரே மூச்சு

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதில் எஸ்.ஐ. அருண்குமாருக்கு அசையாத நம்பிக்கை. தேர்வெழுதி வேலைக்கு வந்து பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்ததால் காவல் நிலையம் முழுக்க அவன் கையில். செவ்வாய்க்கிழமை மாலை, கொலைச் சந்தேகத்தில் பிடித்துவந்த வேணுவை அடிக்க ஆரம்பித்தவன், புதன்கிழமை காலை பத்து மணிக்கும் விட்டபாடில்லை. "நான் சட்டையத்தான் புடிச்சேன் ஐயா, கொல்லலீங்க" என்று வேணு ஒவ்வோர் அடிக்கும் ஒரே பதிலைச் சொன்னார். பிறகு அதைச் சொல்லவும் மூச்சில்லாமல் சுவரோரம் சுருண்டுகொண்டார்.

அந்த நேரத்தில் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி வேணுவின் மனைவி அம்சவல்லி. ராத்திரி முழுக்க அழுதவள். இன்னொருவர் ஐம்பதைக் கடந்தவர், கையில் தடித்த கோப்பு. உள்ளே கேட்ட முனகலைக் காதில் வாங்கிக்கொண்டு, முகம் மாறாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் பேரு லூர்துமேரி. சொந்த ஊரு நெல்லிக்குப்பம். சென்னையில, ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கிற ஒரு நிறுவனத்துல வேலை. சர்வே எடுத்தாச்சுன்னு எழுதின வீட்டுக்கு நான் திரும்பப் போவேன். 'நெஜமாவே வந்தாங்களா'ன்னு கேப்பேன். பத்து வீட்டுக்கு ஒரு வீடு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்களே, அதான் என் உத்தியோகம்."

"அதுக்கும் கொலைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"இன்னைக்குக் காலையில என் லிஸ்டுல முதல் வீடு இவங்க வீடு."

அம்சவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு மூச்ச அளக்குற மிஷின்ல ஊதினாரான்னு கேட்டாங்க. எங்க தெருவுல ஒருத்தருமே ஊதலீங்க. நெஞ்சு சரியில்லைன்னு மிஷின் சொல்லிடுச்சுன்னா பட்டறையில வேலை குடுக்க மாட்டாங்கன்னு பயந்துகினு கதவ சாத்திக்கினோம். செத்துப்போன தம்பி திங்கக்கிழமை வந்து, 'நீங்க ஊதினதா எழுதியிருக்கே'ன்னுச்சு. அதான் இவருக்குக் கோவம். என் பேர எப்டி எழுதுவீங்கன்னு சட்டையப் புடிச்சாரு. அதோட வேலைக்குப் பூட்டாருங்க."

அருண்குமாருக்கு வழக்கு அத்துப்படி. நெய்வேலி நகரியத்தை ஒட்டிய சாம்பல் செங்கல் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் நுரையீரலை அளக்கும் ஆராய்ச்சி அது. பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். அளவுப் பதிவுகளைச் சரிபார்க்கும் பிராங்க்ளின் என்ற இருபத்தெட்டு வயதுப் பையன், நேற்று மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தபடியே பின்னந்தலையில் மூன்று அடி வாங்கிச் செத்திருந்தான். மூன்றாவது அடியில் மண்டை உள்ளே போயிருந்தது. முந்தின நாள் சட்டையைப் பிடித்தவன் மறுநாள் மண்டையைப் பிளந்தான் என்பது அருண்குமாரின் கணக்கு. மாலைக்குள் வேணுவை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். ஆயுதம்தான் கிடைக்கவில்லை.

"ஊதாத ஆளு ஊதினதா எழுதியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சவரு செத்துட்டாரு. அந்த வீட்டை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார் லூர்துமேரி. ஆயுதம் கிடைத்தால் நல்லதுதானே என்று அருண்குமார் ஜீப்பை எடுத்தான்.

சுவரில் தெறித்த ரத்தம் மே மாத வெயிலில் காய்ந்து கறுத்திருந்தது. லூர்துமேரி அதைப் பார்த்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னென்ன காணோம்?"

"எதுவும் காணாமப் போகல மேடம். போன், பர்ஸ், லேப்டாப் எல்லாம் அப்படியே இருந்துச்சு."

அவர் அலமாரியை அரைமணி நேரம் குடைந்தார். "ஒரு நோட்டு இல்ல. எந்தத் தெருவுல யாரு போய் ஊத வச்சாங்கன்னு எழுதுற நோட்டு. கோவத்துல அடிச்சவன் போனை விட்டுட்டு நோட்டை எடுத்துக்கினு போவானா?"

அருண்குமார் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தான்.

மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதில் பஞ்சு மெத்தை வைத்த பள்ளத்தில், தொடைப் பருமனில் ஓர் இரும்புக் குழாய், ஊசி போடும் குழாயைப் போலத் தண்டு வைத்தது. "அளவுக் குழாய். சரியா மூணு லிட்டர் காத்தைத் தள்ளும். காலையில மிஷினுக்குள்ள தள்ளி, மூணுன்னு காட்டுதான்னு பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் பிடித்துத் தண்டை அழுத்தினார். பாதியில் சிக்கிக்கொண்டது. குழாயின் வயிறு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

பக்கத்திலிருந்த ஏட்டில் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நேராக, மூன்று லிட்டர் சரி என்று பிராங்க்ளினின் கையெழுத்து இருந்தது. அருண்குமார் குனிந்து மோந்தான். ஸ்பிரிட் வாடை. தண்டின் மரையிடுக்கில் கறுப்பாக ஏதோ உறைந்திருந்தது.

"காலையில நல்லா இருந்துச்சு. அப்ப, இதுதான் ஆயுதமா?"

"அடிச்சிட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, அதோட பள்ளத்துலயே வச்சு மூடியிருக்காங்க. வேலை முடிஞ்சா துடைச்சு வைக்கணும்கிறது இந்தத் தொழில்ல ஊறின பழக்கம், கை தானா செஞ்சிடும். செங்கல் அடுக்குறவருக்கு அந்தப் பழக்கம் ஏது?"

சுவரோரம் சுருண்டு கிடந்த வேணு அருண்குமாரின் நினைவுக்கு வந்தார். அந்த நினைப்பை உதறிவிட்டுப் போனை எடுத்தான். "இந்த ஆராய்ச்சியில இன்னும் மூணு பேருதான் மேடம் இருக்காங்க. இப்பவே இங்க வரவைக்கிறேன்."

ஒரு மணிக்கு மூவரும் வந்துவிட்டார்கள். ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் ராஜேந்திரன், ஐம்பது வயது, தினமும் பிராணாயாமமும் நீச்சலும் என்று பெருமை பேசுகிற இரும்பு உடம்பு. ஆராய்ச்சி மாணவன் ஃபெலிக்ஸ், நகரியத்துக் குவார்ட்டர்சில் வளர்ந்தவன். வீடு வீடாகப் போகும் கொளஞ்சிநாதன், உள்ளூர்க்காரன். நேற்று பிணத்தை முதலில் பார்த்ததும் அவன்தான். நேற்று மதியம் ஃபெலிக்ஸ் குள்ளஞ்சாவடிப் பேருந்தில் இருந்தானாம், கொளஞ்சி வீட்டில் தூங்கினானாம், டாக்டர் குவார்ட்டர்சில் ஓய்வாம். மூவருக்கும் சாட்சி இல்லை.

லூர்துமேரி தன் கோப்பிலிருந்து அறுபத்திரண்டு தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். "வடக்குத்துல ஊதினதா எழுதின அறுபத்திரண்டு பேரு. அத்தனை பேருக்கும் நுரையீரல் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. இந்தத் தெருவுக்குப் போனது யாரு?"

"நான் இல்லை" என்றான் ஃபெலிக்ஸ். "எனக்கு வேற ஊரு."

"இது கொளஞ்சியோட ஏரியா" என்றார் ராஜேந்திரன் அமைதியாக. "வீட்டுல உட்கார்ந்து எல்லார் பேருலயும் அவனே ஊதியிருப்பான். பிராங்க்ளின் கண்டுபிடிச்சதும் பயந்திருப்பான். அப்பவே நினைச்சேன், படிக்காதவனை வேலைக்கு வச்சிருக்கக் கூடாதுன்னு."

"ஐயையோ, கதவையே தொறக்கலன்னு நான் அப்பவே சார்கிட்ட சொல்லிட்டேங்க" என்று கொளஞ்சி நடுங்கினான். அருண்குமாரின் கை அதற்குள் அவன் காலரைப் பிடித்துவிட்டது.

"கையை எடுங்க" என்றார் லூர்துமேரி. குரல் உயரவில்லை. ஆனால் அருண்குமார் எடுத்துவிட்டான். "உங்களுக்கு வேற வேலை இருக்கு. ஒரு ஆளு ஊதினா மிஷின் ஒரு கோடு போடும். சட்டுனு மலை மாதிரி ஏறி, சரிஞ்சு இறங்கும். இந்த அறுபத்திரண்டு கோட்டையும் பாருங்க."

அருண்குமார் ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். சில உயரம், சில குட்டை. இருபதாவது தாளில் அவன் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து பார்த்தான். "எல்லாத்துலயும் உச்சியில இருந்து இறங்குற இடத்துல ஒரு சின்னப் படி இருக்கு மேடம்."

"ஆமா. மெதுவா ஊதிக் கோட்டைக் குட்டையாக்கலாம். படியை மறைக்கிறது கஷ்டம். அவங்கவங்க மூச்சுக்குழாய் வாகு அப்படி. கைரேகை அளவுக்கு உறுதின்னு சொல்ல மாட்டேன். ஆனா அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே படி இருக்காது. ஊதினது ஒரே நெஞ்சு. பிராங்க்ளினும் இதைத்தான் பாத்திருக்கணும். தாள் மூலையில தேதியைப் படிங்க."

"ஏழாம் தேதி... பதினாலு... இருபத்தொண்ணு. எல்லாம் ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை மிஷின் யாருகிட்ட இருக்கும்?"

ஃபெலிக்ஸ் வாயைத் திறந்தான், தலைவரைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "சனிக்கிழமை சாயங்காலம் சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார். சார்ஜ் போட."

"பையனுங்க யார் வேணாலும் வந்து எடுத்திருக்கலாம்" என்றார் ராஜேந்திரன்.

"இருக்கலாம். அதனாலதான் இன்னும் மூணு தாள் கொண்டுவந்தேன். திங்கக்கிழமை காலையில மிஷின் சரியா இருக்கான்னு பாக்க, உங்கள்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஊதுவீங்க. இந்த ஆராய்ச்சியில அது வழக்கம். உங்க சொந்தப் பேருலயே பதிவாகும். டாக்டர், நீங்களே போட்ட விதி, நீங்களே மறந்துட்டீங்க. எஸ்.ஐ. சார், பேரை மறைச்சுத் தரேன். படி எதுல இருக்கு?"

ஒரு தாள் வழவழவென்று இறங்கியது. இன்னொன்று குழிந்து இறங்கியது. மூன்றாவதில் அதே இடத்தில் அதே படி. அருண்குமார் மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்தான். டாக்டர் ராஜேந்திரன்.

அதற்குப் பிறகு நடந்தது கண்மூடித் திறப்பதற்குள். ராஜேந்திரன் பெட்டியிலிருந்த குழாயை உருவி லூர்துமேரியின் தலைக்கு ஓங்கினார். அருண்குமார் குறுக்கே கையைக் கொடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறியும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வலியில் கண் இருண்டாலும், தோளால் மோதி அவரைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, நல்ல கையால் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. மறுபடி குத்தினான். பல் தரையில் விழுந்தது.

"போதும்" என்றார் லூர்துமேரி. "இவர்தான்னு தெரிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்கு அடிக்கிறீங்க?"

அவன் கை அந்தரத்தில் நின்றது.

"பதினோரு வருஷ உழைப்பு" என்று ராஜேந்திரன் ரத்தத்தைத் துப்பினார். "வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கணும். ஊதச் சொன்னா ஒருத்தனும் ஊதல, நான் என்ன பண்ண? பிராங்க்ளின் எல்லாத்தையும் எழுதி அனுப்பப்போறேன்னு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்." அருண்குமாரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வேணுவை நான் மாட்டிவிடல தம்பி. அது உன் ஆராய்ச்சி."

காணாமல்போன நோட்டு அவர் காரில், ஸ்டெப்னிக்கு அடியில் கிடைத்தது. வடக்குத்துத் தெருவுக்கு நேராகக் கொளஞ்சி, 'யாரும் ஊதவில்லை' என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, கையில் மாவுக்கட்டோடு அருண்குமார் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கூப்பிடவில்லை. மதியமே விடுவித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்த வேணு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் உடம்பைச் சுவர்ப்பக்கம் ஒடுக்கிக்கொண்டார்.

லூர்துமேரி ஊதும் மிஷினோடு பக்கத்தில் இருந்தார். அம்சவல்லிதான் கேட்டிருந்தாள்: "எவரோ ஊதின மூச்ச இவரு பேருல எழுதிட்டாங்க. இவரோட சொந்த மூச்சு எவ்ளோன்னு இப்பவாச்சும் பாருங்கம்மா. பட்டறையில இனிமே அனுப்பலாமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

வேணு குழலை வாயில் வைத்தார். இழுத்த மூச்சு பாதியில் அறுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். திரையில் கடுகளவு கோடு. மறுபடி முயன்றார். அந்தக் கோடும் வரவில்லை.

"வேணாம், விடுங்க" என்றார் லூர்துமேரி. "இது சாம்பலால வந்ததா, அடியால வந்ததான்னு மிஷினுக்குத் தெரியாது. எலும்பு கூடட்டும், மறுபடி வரேன்."

புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். வேணுவின் பெயர், வயது, தெரு எல்லாம் எழுதினார். நுரையீரல் அளவு என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவை அருண்குமாரிடம் நீட்டினார்.

"ஊத முடியாததற்குக் காரணம்னு கேட்டிருக்கு. எனக்குப் பொய் எழுதிப் பழக்கம் இல்ல. நீங்களே எழுதிடுங்க."

முறிந்தது வலது கை. இடது கையால் எழுத நெடுநேரம் ஆயிற்று. கோணல் மாணலாக வந்த எழுத்தை அம்சவல்லி எட்டிப் பார்த்து, புருஷனுக்காக ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள்.

"இடது பக்கம் மூன்று விலா எலும்பு முறிவு. குற்றமற்றவர். அடித்தது நான். அருண்குமார், உதவி ஆய்வாளர்."