சுபாஜினியின் பக்கம்

உடுவிலில் இருந்த அந்தப் பழைய கல்வீட்டுக்கு நதானியேல் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. அதன் முன்னறையில்தான் தேவராசா தன் செய்தி இணையத்தளத்தை நடத்திவந்தார். நல்லூர்த் திருவிழாக் காலம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்க்க ஆட்கள் குவிந்ததில் தளம் திணறியது. அதைச் சரிசெய்யத்தான் அவனை அழைத்திருந்தார்.

"வாற ஒவ்வொருத்தருக்கும் உந்தச் சேர்வர் பக்கத்தைப் புதுசாச் செய்து குடுக்குது அண்ணை. ஒருக்காச் செய்து நகலை வைச்சால், எல்லாருக்கும் அதையே குடுக்கலாம்."

"செய் தம்பி."

செய்தான். பக்கங்கள் தொட்டவுடன் திறந்தன. தேவராசா சிரித்தார்.

அப்போதுதான் அறையில் பாசி நாற்றம் எழுந்தது. நெடுநாள் இறைக்காத கிணற்றின் நாற்றம்.

திரையில் ஆட்கள் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது திருவிழாச் செய்தியை அல்ல. ஓர் இளம்பெண்ணின் படம். மேலே, 'மாணவியின் சங்கிலியைத் திருடிய ரியூசன் ஆசிரியை'.

"ஆர் அண்ணை இது?"

தேவராசாவின் முகம் வெளிறியது. "சுபாஜினி. உந்தச் செய்தியை நான் எப்பவோ அழிச்சிட்டன்."

"உண்மைச் செய்தியோ?"

"இல்லை. எடுக்கச் சொல்லி இஞ்ச வந்து அழுதவள். சனம் விழுந்து விழுந்து பாத்தது, நான் எடுக்கேல்லை." குரல் இறங்கியது. "பிறகு கிணத்துக்குள்ளை குதிச்சுச் செத்திட்டாள். அதுக்குப் பிறகுதான் அழிச்சனான்."

நதானியேல் நகலை அழித்தான்.

திரும்ப வந்தது.

மூலமே இல்லாத பக்கத்துக்கு நகல் எங்கிருந்து வருகிறது? மறுபடி அழித்தான்.

இம்முறையும் அதே தலைப்பு. படத்தில் மட்டும் தேவராசா இருந்தார். கண்கள் மூடி, முகம் ஊதி.

அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தார். தண்ணீர் தளும்பும் ஓசை. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், மிக மெதுவாக.

"எடுங்கோ எண்டு எவ்வளவு கெஞ்சினனான் அண்ணை..."

தேவராசா பாய்ந்துபோய் சேர்வரின் வயரைப் பிடுங்கினார். இரைச்சல் அடங்கியது. திரை அணைந்தது.

கைத்தொலைபேசியில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

சொல் வரவில்லை. கறுத்த தண்ணீர் வந்தது.

நதானியேல் அவரை வாசல்வரை இழுத்து வந்து கத்தினான். அயலவர்கள் ஓடி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நுரையீரல் நிறையக் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த அறையின் தரையோ காய்ந்து கிடந்தது.

சேர்வரைப் பொலிஸ் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தது. தளம் செத்தது. அந்த ஒரு பக்கம் மட்டும், கேட்ட எல்லாருக்கும், கேட்டவுடன் திறந்தது.

அடுத்தநாள் காலை, நதானியேலின் மனைவி ஹன்னா சமையலறையிலிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ... அந்தப் பிள்ளையின்ரை செய்தியை அப்ப நானும் நாலைஞ்சு பேருக்கு அனுப்பினனான்."

கைத்தொலைபேசியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதிலை ஏன் என்ரை படம் கிடக்குது?"