பின்னாள் கண்ணாடியில் மூன்று மகள்கள்

மூன்றாவது மகளும் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தாள். வயது இருபத்தைந்து. முதல் இருவரைப் போலவே மணிமாறனைப் பார்த்துச் சிரித்தாள். அசல் மகள், ஏழு வயது நிலானி, வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பெர்கன் நகரத்துக்குக் குடிவருகிறவர்கள் இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவதில்லை. பின்னாள் கண்ணாடி இருக்கிறது. அது பிள்ளையிடம் ஒரு நாள் முழுக்க இருநூறு கேள்விகள் கேட்கும். அந்தப் பதில்களை விதையாக வைத்து, எந்தப் பள்ளியில் படித்தால் எப்படி வருவாள் என்று வளர்ந்த ஆளையே காட்டும். பேசிப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யலாம். அதே விதையை வைத்துத்தான் பள்ளியும் கடைசிவரை பாடம் நடத்தும். பதிவு ஒரே ஒரு தடவைதான்.

பிள்ளையைத் தயார்படுத்தி அழைத்து வர வேண்டாம் என்று அழைப்பிலேயே போட்டிருந்தது.

"எல்லாருக்கும் போடுறதுதான் அது," என்றாள் மணிமாறனின் மனைவி சாருமதி. நாமக்கல்லில் எல்.கே.ஜி. இண்டர்வியூவுக்கே மகளை மூன்று மாதம் தயார்படுத்தியவள். "சொல்லிக் குடுக்காம எவன் அனுப்புவான்? நாமதான் ஏமாளியா நிப்போம்."

மாதிரிக் கேள்விகளைத் தேடிப் பிடித்தவன் மணிமாறன்தான். பதினொரு நாள் பாடம் நடந்தது. என்ன பிடிக்கும்? புத்தகம். எதற்குப் பயம்? பயமே இல்லை. நத்தை பிடிக்கும், லிஃப்ட் என்றால் பயம் என்று முதல் நாள் சொன்னவள், பதினோராம் நாள் ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பித்தாள். வீட்டில் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டால்? அதற்கும் ஒரு பதிலை மணிமாறனே சொல்லிவைத்தான்.

"என்னம்மா பண்றே இப்ப?" என்று கண்ணாடியைக் கேட்டான்.

"டாக்டரா இருக்கேன்ப்பா."

ஏரிக்கரைப் பள்ளி நிலானியும் டாக்டர். மலைப் பள்ளி நிலானியும் டாக்டர். இது பரீட்சையே இல்லாத காட்டுப் பள்ளி.

சாருமதி அவனை இடித்தாள். "பாத்தீங்களா? மரத்துல ஏத்திவிட்டாக்கூட டாக்டராத்தான் இறங்குவா!"

மணிமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்டது அவன். ஆனால் பதிலுக்கு முன்னால் கண்ணாடிக்குள் இருந்தவளின் கண் சாருமதியின் உதட்டுக்குப் போய்த் திரும்பியது. மற்ற இருவரும் அப்படித்தான் பார்த்தார்கள். பதினொரு நாளும் சாருமதி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"சாரு, கொஞ்ச நேரம் வெளிய இரு."

"எதுக்குங்க?"

"இரேன்."

அவள் போனதும் கண்ணாடிக்கு அருகே போனான். "நிலா, நீ சந்தோஷமா இருக்கியாடா?"

அவள் சாருமதியின் காலி நாற்காலியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். விரல்கள் சட்டை நுனியைத் திருகின.

"அதுக்கு என்னப்பா சொல்லணும்?"

"உனக்குத் தோணுறதைச் சொல்லு."

"தப்பா சொல்லிட்டா?" அவள் குரல் தாழ்ந்தது. "அம்மா முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்களே."

மணிமாறன் கண்ணாடியிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

அப்போது பதிவு அலுவலர் அம்மாள் உள்ளே வந்தாள். அவள் பேச்சை அவன் காதிலிருந்த மொழிமாற்றி நாடகத் தமிழில் ஒப்பித்தது. "மகிழ்ச்சி ஐயா! மூன்று பள்ளிகளும் தங்கள் மகளை விரும்புகின்றன. இவ்வளவு சீரான விதையை நாங்கள் கண்டதில்லை."

"அது என் பொண்ணு இல்லைங்க," என்றான். "எல்லாம் நாங்க சொல்லிக் குடுத்தது. அழிச்சிடுங்க."

அவள் யோசித்தாள். "பெற்றோர் சொல் செல்லாது. பதில்கள் தன்னுடையவை அல்ல என்று பிள்ளை தன் வாயால் சொன்னால் அழித்துவிடலாம்."

அவனுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தான். நிலானி உள்ளங்கையில் ஒரு நத்தையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"பிடிக்காதுப்பா. சும்மாதான் பாத்தேன்."

அலுவலர் அம்மாள் அவள் எதிரே மண்டியிட்டாள். "குழந்தாய், அந்தப் பதில்களை வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?"

சாருமதி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். நிலானி அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. அசையவும் வேண்டியிருக்கவில்லை.

"யாரும் சொல்லித் தரல. நானாத்தான் சொன்னேன்," என்றாள், தடுமாறாமல். பிறகு நிமிர்ந்து சிரித்தாள்.

"கரெக்டாப்பா?"

திறந்த கதவுக்குப் பின்னால், கண்ணாடிக்குள் இருந்தவளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.