நீல நிற ஆப்பிள் மரங்கள்

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் மிஸ்டர் ப்ரோகப். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி குட் மார்னிங் சொல்வார். பதில் வராவிட்டால் வண்டியை நகர்த்த மாட்டார். அந்தத் திங்கட்கிழமை அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

"என்னாச்சு அவருக்கு?" என்று பக்கத்தில் இருந்த லூக்கிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? ஓடையில இருக்கிற பீவரைப் பொறி வெச்சுப் பிடிக்கணும்னு நகர மன்றத்துல எழுதிக் கொடுத்திருக்காராம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கூட்டம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த பீவர் எங்கள் ஐந்தாம் வகுப்பின் பீவர்! பனி உருகிய நாளிலிருந்து அதைத்தான் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தோம். அது பல்லாலேயே மரத்தைக் கடித்துச் சாய்த்து, குச்சியும் சேறும் வைத்து ஓடையில் அணை கட்டுவதை நோட்டு நோட்டாக எழுதியிருந்தோம். பொறி வைத்தால் அது உயிரோடு திரும்பாது.

இறங்கும்போது நேராக ஓட்டுநர் இருக்கைக்குப் போனேன். "மிஸ்டர் ப்ரோகப், நம்ம நாட்டு அஞ்சு சென்ட் காசுலயே பீவர் இருக்கு. அதைப் போய் பிடிக்கச் சொல்றீங்களே!"

"காசுல இருக்கிற பீவர் சும்மா இருக்கும், டார்சி. என் தோட்டத்துக்கு வராது." பிறகு ஸ்டியரிங்கைத் தட்டியபடி கேட்டார்: "உங்க வகுப்பு வாசல்ல நட்சத்திரம் ஒட்டி ஒரு படம் இருக்கே, யார் வரைஞ்சது?"

"நான்தான்," என்றேன் பெருமையாக.

"நல்லா வரைஞ்சிருக்கே. அது என்னோட ஆப்பிள் மரம்."

இறங்கி ஓடினேன்.

வகுப்பு வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். சாய்ந்து கிடக்கும் மரம். பக்கத்தில் பீவர். மேலே தங்க நட்சத்திரம். 'முதல் பெரிய மரம்! சபாஷ்!' என்று என் கையெழுத்து. அது விழுந்தபோது நாங்கள் எல்லோரும் எதிர்க்கரையில் நின்று கைதட்டினோம். ஏதோ காட்டு மரம் என்று நினைத்தோம். யாருடைய மரம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

படத்தைக் கழற்றிக்கொண்டு பெல்கார்ட் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றார் டீச்சர்.

"மன்னிப்புக் கேக்கணும்."

"சரி. அப்புறம்?"

அதற்குப் பதில் தேடி, மதியம் முழுக்க என் பீவர் நோட்டைப் புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'மணல் கலந்த பெயிண்டை மரத்தில் பூசினால் பல்லில் நறநறக்கும், பீவர் கடிக்காது.' பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதோடு மறந்தும் போயிருக்கிறேன்!

புதன்கிழமை மாலை நானும் லூக்கும் பேருந்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தோம்.

"இது உங்க ஸ்டாப் இல்லையே," என்றார் மிஸ்டர் ப்ரோகப்.

"உங்க ஸ்டாப். உங்க மரத்தைப் பாக்க வந்தோம்."

அவர் வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில் ஐந்து மரங்கள் நின்றன. ஆறாவது இருந்த இடத்தில், பென்சில் சீவியதுபோல் ஒரு அடிக்கட்டை.

"நாங்க கைதட்டினோம்," என்றேன். "உங்க மரம்னு தெரியாது. ரொம்ப சாரி."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் பொண்ணு பிறந்த வருஷம் வெச்சது," என்று மட்டும் சொன்னார். பிறகு, "அந்தப் பையில என்ன?"

"மணல்," என்றான் லூக். அவன் அம்மாதான் ஐஸ் ஹாக்கி அரங்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே சுவருக்கு அடித்தது போக மீந்த பெயிண்டும் அவன் கையில் இருந்தது. மூடியைத் திறந்தால் பளீரென்று நீலம்.

"வேற கலர் இல்லையாடா?"

"சிவப்பு இருக்கு."

"நீலமே இருக்கட்டும்."

மூன்று பேரும் மணலைக் கலந்து, ஐந்து மரங்களுக்கும் என் நெஞ்சு உயரம் வரை பூசி முடித்தோம். லூக்கின் மூக்கும் நீலமானது.

"என் தோட்டத்தை ஹாக்கி அரங்கமா ஆக்கிட்டீங்க," என்று முணுமுணுத்தார் மிஸ்டர் ப்ரோகப். ஆனால் போகும்போது எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார். மனுவைத் திரும்ப வாங்குவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். நான் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மைக்கைப் பார்த்ததும் அத்தனையையும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.

"போன கோடையில எல்லா ஓடையும் வத்திப் போச்சு," என்றேன். "பீவர் கட்டின அணைக்குப் பின்னாடி மட்டும்தான் தண்ணி நின்னுச்சு. வாத்தெல்லாம் அங்கதான் வந்துச்சு. அதனால பீவரை விட்டுடுங்க. அது மரத்தை வெட்டும்தான். மிஸ்டர் ப்ரோகப் மரத்தை வெட்டினப்ப நாங்க கைதட்டினது தப்பு. இனிமே யார் மரத்துக்கு வேணும்னாலும் நாங்களே வந்து பெயிண்ட் அடிக்கிறோம்."

மேயர் அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "அந்தப் பெயிண்ட் வேலை செய்யுதா?"

எனக்குத் தெரியாதே! நான் திரும்பிப் பார்த்தேன்.

பின் வரிசையிலிருந்து மிஸ்டர் ப்ரோகப் எழுந்தார். "இன்னிக்குக் காலையில பாத்தேன். மூணாவது மரத்துல ஒரே ஒரு பல் தடம். கீழே ஒரு துண்டு பட்டை கிடக்கு, நீலமா. கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டுப் போயிருக்கு."

கூட்டமே சிரித்தது.

"பொறி வேண்டாம்," என்றார் அவர். "என் மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. வெளியே வந்ததும் குதித்தேன்.

மறுநாள் காலை, "குட் மார்னிங், டார்சி!" என்ற குரல் தெருமுனை வரை கேட்டது. பள்ளி வந்ததும், வண்டியை விட்டு அதிகம் இறங்காத மிஸ்டர் ப்ரோகப் எங்களோடு இறங்கி வந்தார். வகுப்பு வாசலில் என் புதுப் படம் ஒட்டியிருந்தது. ஐந்து நீல மரங்கள், நடுவில் பீவர்.

"அந்த நட்சத்திர அட்டை எங்க?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். மரத்தின் மேல் ஒட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு நட்சத்திரத்தை உரித்து, பீவரின் வாய்க்குப் பக்கத்தில் அழுத்தி ஒட்டினார்.

"துப்பினதுக்கு," என்றார்.