நடந்து போன டிராம்

ஹுமாயூன் வாலாஜாவிலிருந்து மெட்ராஸுக்கு வந்ததே டிராமில் போகத்தான். கூடவே உயிர் காலேஜையும் செத்த காலேஜையும் பார்த்துவிட்டால் அதுவும் லாபம். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் மெட்ராஸ்காரர்கள் வைத்திருந்த பெயர்கள் அவை.

"எங்க பெரியத்தாதான் டிராம் கண்டக்டர். அவர் வண்டியிலேயே போகப்போறேன்" என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை ரயிலில் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காக்கிச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பிய பெரியத்தா, அதாவது அவனுடைய பெரியப்பா கமாலுதீன், ஒரு மணி நேரத்திலேயே ராயபுரம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னா அத்தா, லீவா?" என்று கேட்டாள் அவருடைய மகள் சாபிரா. அவளுக்குப் பதினொரு வயது.

"டிராமே இல்லம்மா. நேத்து ராத்திரியோட நிறுத்திட்டாங்களாம். ஷெட்டு பூட்டிக் கீது."

அது 1953ஆம் வருடம். மெட்ராஸில் டிராம் ஓடியது அதோடு சரி.

ஹுமாயூன் அழவில்லை. அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அதிகாலையிலேயே போட்டுக்கொண்டு நின்ற புதுச் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தான். சாபிராவுக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவளிடம் இரண்டணா இருந்தது. இரண்டு பேர் பஸ்ஸில் உயிர் காலேஜுக்குப் போய்வர அது போதாது. என்ன செய்யலாம் என்று வெளியே பார்த்தாள். தெருமுனையில் டிராம் தண்டவாளம் வெயிலில் மின்னியது. ரயில் தண்டவாளம் போல அது உயர்ந்து நிற்காது, தார் ரோட்டோடு ரோடாகப் பதிந்து கிடக்கும்.

"டேய், செருப்பப் போடு. டிராம் கெளம்பப் போவுது!"

"டிராம்தான் இல்லியே அக்கா?"

"தண்டவாளம் கீதுல்ல? நாமதான் வண்டி. வண்டி ஓடறப்போ தண்டவாளத்த வுட்டுக் கால எடுக்கக் கூடாது. ஸ்டாப்புல நின்ன பொறவுதான் எறங்கணும்." அந்தக் கடைசி வார்த்தை கமாலுதீன் வண்டியில் தினமும் நூறு தடவை சொல்வது. "நீங்களும் வாங்க அத்தா."

"பேஜாரு பண்ணாதம்மா. போ" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டிங் டிங்!" என்றாள் சாபிரா. வண்டி கிளம்பியது.

முதல் ஸ்டாப்பில் இறங்கி, ஒரு சந்து வழியாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். மீன்காரர்களின் கூடையிலிருந்து தப்பிய நண்டுகள் மணலில் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

"இது உயிர் காலேஜு."

பக்கத்திலேயே வரிசை வரிசையாகக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"இது செத்த காலேஜு. ரெண்டுக்கும் டிக்கெட்டு கெடையாது!"

ஹுமாயூன் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தான்.

அடுத்த ஸ்டாப் ராயபுரம் ரயில் நிலையம். முன்னால் பெரிய பெரிய தூண்கள்.

"நம்ம பக்கத்துல மொத மொத ரயிலு இங்கேருந்துதான் கெளம்பிச்சு. எங்க போச்சு தெரியுமா? உங்க வாலாஜாவுக்கு!"

"எங்க ஊருக்கா?" ஹுமாயூன் ஓடிப்போய் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தான். "எங்க ஊர்ல இத யாருமே சொல்லலையே!"

மூன்றாவது ஸ்டாப்பில் நிஜமாகவே ஆட்கள் நின்றார்கள். ஏழெட்டுப் பேர், எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற இருதயம்மாள் என்ற அம்மா, "எந்நேரமா நிக்கறோம், ஒரு டிராமையும் காணோமே" என்று சலித்துக்கொண்டாள்.

"டிராம் இனிமே வராதும்மா. நிறுத்திட்டாங்க" என்றாள் சாபிரா.

"போடி. அவ்ளோ பெரிய வண்டிய எப்படி நிறுத்துவாங்க?"

யாரும் நம்பவில்லை. சாபிரா ஒரு நிமிடம் யோசித்தாள்.

"ஹுமாயூன், வண்டி இங்கியே நிக்கட்டும். பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஹுமாயூன் ஒரு காலைத் தண்டவாளத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டு வண்டிக்குக் காவல் நின்றான்.

கமாலுதீன் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, ஸ்டாப்புல ஜனங்க வெயில்ல நின்னுகினு கீறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. தொப்பி போட்டவங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"வெயில்லயா? எவ்ளோ நேரமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார்.

அவர் சொன்னதும் எல்லாரும் நம்பினார்கள்.

"அப்போ பாரிமுனைக்கு நான் எப்படிப் போறது?" என்றாள் இருதயம்மாள்.

"எங்க வண்டியில வாங்க" என்றான் ஹுமாயூன். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருதயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படியும் நடக்கணும். இதுலயே வரேன்" என்று தண்டவாளத்தில் ஏறி நின்றாள். "டிக்கெட்டு எவ்ளோ கண்டக்டரே?"

பதினான்கு வருட வேலையில் சொந்த மகளைக்கூட டிக்கெட் இல்லாமல் ஏற்றாத மனிதர் கமாலுதீன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு டிக்கெட்டு இல்லம்மா" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் குரல் கொடுத்தார். "முன்னால போங்க, முன்னால போங்க! வழியில நிக்காதீங்க!"

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த ஸ்டாப்பின் பெயரைக் கூவினார். நின்றவர்களுக்கு விஷயத்தைச் சொன்னார். சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் ஏறிக்கொண்டார்கள். துறைமுகத்துக் கப்பல்களின் புகைபோக்கிகள் கூரைகளுக்கு மேலே தெரிந்தபோது, ஹுமாயூனுக்காக வண்டி இரண்டு நிமிடம் நின்றது. சாபிராவின் இரண்டணா அங்கே வேர்க்கடலையாக மாறி எல்லாப் பயணிகளுக்கும் போனது.

"பாரிமுனை! கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் எறங்குங்க!"

பதின்மூன்று பேர் இறங்கினார்கள். இருதயம்மாள் நாலு முருங்கைக்காயைச் சாபிராவின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஹுமாயூன் மட்டும் தண்டவாளத்திலேயே நின்றான்.

"பெரியத்தா, வண்டி நின்னுடுச்சா?"

கமாலுதீன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வளைந்து வளைந்து ராயபுரம் வரைக்கும் வெறும் தண்டவாளம்தான் இருந்தது. அவர் குனிந்து ஹுமாயூனிடம் கையை நீட்டினார்.

"நின்னுடுச்சுப்பா" என்றார். "இப்போ பாத்து எறங்கு."