கொடுத்த கைக்குத் தூக்கு!

போன் அலறியது.

காலை ஒன்பது நாற்பது. போதை மறுவாழ்வு கிளினிக்கின் லேடி டாக்டர், ஒரு நோயாளியின் நாடியை விடாமலே போனை எடுத்தாள். வெளியே பெஞ்சில் இன்னும் பதினெட்டுப் பேர்.

"டாக்டரா? சீக்கிரம் வாங்க... ஒரு பையன்... மூச்சு சரியா வரல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு!"

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"அது... வேண்டாங்க. கூடவே போலீஸும் வந்துடும்."

தெரிந்த குரல். நேற்று டி.வி. விவாதத்தின் இடைவேளையில் மாண்புமிகுவுக்கு வெந்நீர் நீட்டிய பி.ஏ.!

மாண்புமிகு யார் என்று சொல்லிவிடுகிறேன். சட்டசபை உறுப்பினர். போதையை ஒழிக்கவே பிறந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்... வேறு யாரும் சொல்லாததால்! போதை கேஸுக்கு ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே போலீஸும் வர வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம்தான்.

'அடிமையானவங்களை ஜெயில்ல போடாதீங்க, வைத்தியம் பாருங்க' என்று நேற்று டாக்டர் சொன்னபோது, மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நோயாளியாம்ல! உங்க கிளினிக் போர்டை மாத்துங்கம்மா. 'திருட்டுப்பசங்க சத்திரம்'னு எழுதுங்க!"

ஸ்டூடியோவே கைதட்டியது. ஜெயிலா, வைத்தியமா என்று இன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சபையில் ஓட்டெடுப்பு.

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு.

மாடி பாத்ரூம். பளிங்குத் தரையில் மல்லாந்து கிடந்தான் மாண்புமிகுவின் ஒரே மகன். இருபத்திரண்டு வயது. புது வெள்ளைச் சட்டை. நெஞ்சில் 'போதைக்குச் சாவு மணி' என்று ஒரு பேட்ஜ்!

தாய் அவன் தலையை மடியில் வைத்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன எடுத்தான்?"

"ஒண்ணும் எடுக்கல" என்றார் மாண்புமிகு. "வழுக்கி விழுந்துட்டான். காலைல சாப்பிடல, மயக்கம்."

டாக்டர் இமையை விலக்கினாள். கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தது.

"வழுக்கி விழுந்தா கண்ணு இப்படி ஆகாது சார்! என்ன மாத்திரை? எத்தனை? எப்போ? சொன்னா பொழைப்பான்!"

"அதான் சொல்றேனே... ஒண்ணும் இல்ல."

"ஏங்க, ஏதாவது தெரிஞ்சா சொல்லித் தொலைங்களேன்!" தாய் வீறிட்டாள்.

"நீ சும்மா இரு."

அவருக்குத் தெரியும்! என்ன மாத்திரை என்று தெரியும். எத்தனை என்று தெரியும். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான்... வாயைத் திறக்கவில்லை அந்த மனுஷன். த்தூ!

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. போதையை முறிக்கும் ஊசியைத் தொடையில் குத்தினாள். முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, பலூனைப் பிசைந்து, காற்றை உள்ளே தள்ளினாள்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... நெஞ்சு தானாக எழவில்லை.

எட்டிப் பார்த்த பி.ஏ. கிசுகிசுத்தான்.

"சார்... போயிட்டான் போல."

மாண்புமிகு அழவில்லை. பி.ஏ.வைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனார்.

"அறிக்கை எழுது."

"சார், டாக்டர் இன்னும்..."

"நாம முந்திக்கணும்யா! எழுது. 'என் ஒரே மகனைப் போதைக் கும்பல் கொன்றுவிட்டது. அவனுக்கு மாத்திரை கொடுத்த கையைத் தூக்கில் போடும்வரை ஓயமாட்டேன்!'"

"கையை எப்படி சார் தூக்குல போடறது?"

"ஜனங்க இவ்வளவு யோசிக்க மாட்டாங்க. அனுப்பு!"

இருபது வருட அரசியலில், அறிக்கை விட்ட பிறகு விசாரித்துத்தான் அவருக்குப் பழக்கம். அடுத்த ஐந்தாவது நிமிடம் எல்லா சேனலிலும் அந்தப் பையன் இறந்துபோனான்!

வாசலில் ஜீப் கிறீச்சிட்டது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி படியேறி வந்தார் இன்ஸ்பெக்டர்.

"டி.வி.ல பார்த்தேன் சார். மனசே ஆறல. யார் மேலயாவது சந்தேகம்?"

மாண்புமிகு கர்ச்சீப்பால் காய்ந்த கண்ணைத் துடைத்தார்.

"சந்தேகம் என்ன, ஆளே இங்கதான் இருக்கா! அந்தக் கிளினிக் பொம்பளை. கையில ஊசியோட! புடிங்க!"

இன்ஸ்பெக்டர் பாத்ரூமை நோக்கி இரண்டு எட்டு வைத்திருப்பார்.

உள்ளே இருமல் சத்தம்!

பி.ஏ. கையிலிருந்து போன் நழுவியது. "சார்... இறந்தவர் இருமறார்!"

தாயின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் பையன். உதட்டில் சிவப்பு திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"தம்பி, பயப்படாம சொல்லு" குனிந்தார் இன்ஸ்பெக்டர். "மாத்திரை குடுத்தது யாரு?"

"அப்பா..."

"அப்பாகிட்ட அப்புறம் பேசலாம். குடுத்தது யாரு?"

"அப்பாதான் சார் குடுத்தார்! பதினோரு மணிக்குப் போதை ஒழிப்புக் கூட்டம்... நான்தான் உறுதிமொழி வாசிக்கணும். எனக்கு மேடைன்னாலே பயம். அவரோட டப்பாலேருந்து ரெண்டு குடுத்தார். 'மேடை ஏறும்போதெல்லாம் நான் மூணு போடறேன், எனக்கு என்ன ஆச்சு?'ன்னார்."

"அவருக்குப் பழகின உடம்பு, தாங்கும்" என்றாள் டாக்டர். "பழகாத உடம்புக்கு ரெண்டே போதும், ஆளைக் காலி பண்ண."

இன்ஸ்பெக்டர் மாண்புமிகுவின் சட்டைப்பையில் கைவிட்டார். ஒரு சின்ன வெள்ளி டப்பா வந்தது. பெண்டாட்டி அதையும் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அறிக்கை பிரமாதம் சார். எந்தக் கைன்னு நான் தேடி அலைய வேண்டியதில்லை" என்று விலங்கை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

மாண்புமிகு டாக்டரின் காலில் விழாத குறை.

"டாக்டரம்மா! முதுகுவலிக்குன்னு ஆரம்பிச்சேன்... விட முடியல. இது நோய்தானே? நான் நோயாளிதானே? இவர்கிட்ட சொல்லுங்களேன்!"

டாக்டர் பையை மூடினாள்.

"நோய்தான் சார். நேத்தும் அதைத்தான் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டதுக்காக உங்களை ஜெயில்ல போடக்கூடாதுன்னு நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்."

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"ஆனா, பெத்த புள்ள மூச்சு நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு நின்னீங்களே... அது நோய் இல்ல. அதுக்கு அட்மிஷன் இன்ஸ்பெக்டர்கிட்ட. அங்க பெட் கிடையாது சார்... வெறும் தரைதான்!"